வாசனைக்கு இருபத்தைந்து

ஆவுடையப்பனுக்கு வாசனை தெரியவில்லை. முதல் கிண்ணத்தில் மூக்கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒன்றுமில்லை. ஒரு குத்தல் மட்டும் இருந்தது, மூக்கின் உள்சுவரில் ஊசி பட்ட மாதிரி. அது சாராயத்தின் குத்தல். வாசனை ஆகாது, மரக்கட்டைக்கு மூக்கு வைத்தாலும் அது உறைக்கும். இருக்கட்டும். முதல் கிண்ணம் எப்போதும் அப்படித்தான், மூக்கு தூக்கத்திலிருந்து எழ வேண்டும். வலது கையை மடக்கி முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்தார். நாற்பது வருஷப் பழக்கம். பலது கலந்து மூக்கு குழம்பினால் சொந்தத் தோலை முகர வேண்டும், மூக்கு வீட்டுக்குத் திரும்பிவிடும், அப்புறம் புதிதாகக் கிளம்பலாம். இதை எதிரே உட்கார்ந்திருக்கிற மச்சாதுவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மச்சாது இப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தான், கண்ணை மூடி, தடித்த கையை மடக்கி, ஏதோ தான் கண்டுபிடித்த வித்தை மாதிரி. ஆவுடையப்பன் தன் மடிப்பில் ஆழ இழுத்தார். வியர்வை இருக்க வேண்டும். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து இந்தக் கிளப்புக்கு நடந்து வந்தவர், மாடி ஏறியவர், வியர்வை இல்லாமல் எங்கே போகும். பழைய பருத்திச் சட்டை வாடை இருக்க வேண்டும். இல்லை. வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கையை மெதுவாக இறக்கி மேஜைமேல் வைத்தார், யாரும் பார்க்காத மாதிரி. யார் பார்க்கப் போகிறார்கள். பேசக்கூடாது, நிமிரக்கூடாது, முப்பது நிமிஷம். விஸ்கியை முகர்ந்து மதிப்பெண் போடுகிற பதினோரு மணி வட்டத்தின் சட்டம் அது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பதினொன்று, வயிறு காலியாக இருக்கும்போதுதான் மூக்கு கூர்மை. சென்ட் போட்டவன் உள்ளே வரக்கூடாது. வெங்காயம் தின்றவன் வரக்கூடாது. மல்லிகைப்பூ கூடாது. பேனா கூடாது, மை நாறும், பென்சில்தான். நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதால் நீலக் கண்ணாடிக் கிண்ணம். ஆளுக்கு ஆறு. கிண்ணத்தில் எண் கிடையாது, அடியில் விரித்த தாளில்தான் ஒன்றிலிருந்து ஆறு. எந்தப் போத்தல் எந்த எண் என்று செயலாளர் நந்தகோபாலுக்கு மட்டும் தெரியும், அவர் பக்கத்து அறையில் ஊற்றி, இடம் மாற்றி, எழுதி, உறையில் ஒட்டிவிட்டார். மதிப்பெண் தாள் தனி, நூற்றுக்கு. சுவைக்கு இருபத்தைந்து, விழுங்கியபின் நாக்கில் தங்குவதற்கு இருபத்தைந்து, மொத்த நிறைவுக்கு இருபத்தைந்து. முதல் கட்டம் வாசனை, அதற்கு இருபத்தைந்து. அந்தக் கட்டம் வெள்ளையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில், இதே கட்டத்தில், அவர் மூன்று என்று எழுதினார். இருபத்தொரு வயது ஷெர்ரிப் பீப்பாய்ச் சரக்கு, மச்சாது ஊரெல்லாம் சுற்றித் தேடிக் கொண்டுவந்தது. கிண்ணத்தைக் கிட்டே கொண்டுபோன உடனே தெரிந்துவிட்டது. திராட்சை, அத்திப்பழம், வாதுமை எல்லாம் இருந்தது, அதன் அடியில் படுத்துக்கொண்டு ஒன்று, கெட்டது, பழையது. கந்தகம். ஷெர்ரி என்கிற திராட்சை மது இருந்த பீப்பாயைக் கப்பலில் ஏற்றும்முன் உள்ளே புளித்துப்போகாமல் இருக்கக் கந்தகத் திரியைக் கொளுத்தி மூடுவார்கள். கொஞ்சம் அதிகம் கொளுத்திவிட்டால் அவ்வளவுதான், அந்தப் புகை மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இருபது வருஷம் ஆனாலும் இறங்காது. மேலே எவ்வளவு நல்ல சரக்கு ஊற்றினாலும் கெட்டது கெட்டதுதான். மூன்று என்று எழுதினார். பக்கத்தில் கந்தகம் என்று எழுதினார். தாள்களைத் திருப்பினார்கள். மச்சாது இருபத்துநான்கு. டாக்டர் உமாபதி இருபத்துமூன்று. இன்னொருவர், இப்போது மகளோடு கனடாவில் இருக்கிறார், அவரும் இருபத்துமூன்று. எல்லாரும் மறுபடி முகர்ந்தார்கள். கந்தகமா, எங்கே, என்றார்கள். அப்போதுதான் மச்சாது சொன்னான், சிரித்துக்கொண்டே, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டாக்டர், நாளைக்கு உங்க கிளினிக்ல அண்ணாச்சிக்கு ஒரு டோக்கன் போட்டு வையுங்க. மூக்கைக் கழத்தி ஒரு சர்வீஸ் பண்ணிரலாம்." உமாபதி காது மூக்கு தொண்டை டாக்டர். அதனால் அந்தச் சிரிப்பு இரண்டு மடங்கு. ஆவுடையப்பனும் சிரித்தார். அதுதான் இன்றுவரை பொறுக்கவில்லை, இவரும் சிரித்தது. திங்கட்கிழமை சாராய ஆலைக்குப் போனால் முதலாளி கூப்பிட்டார். சனிக்கிழமை நடந்தது அவர் காதுக்கு ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தது. ஆலையில் விஸ்கிக் கலப்புக்கு ஆவுடையப்பன் தலைமை, மச்சாது அவருக்கு உதவி. "வயசாகுதுல்ல ஆவுடையப்பன், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார் முதலாளி. ஐம்பத்துமூன்று வயது. ரெஸ்ட் என்றால் லேபிள் ஒட்டுகிற கூடம். ஐந்து வருஷம். போத்தலில் லேபிள் கோணலாக இருக்கிறதா, நேராக இருக்கிறதா. கலப்பு மேஜையில் மச்சாது. ஒருநாளாவது வந்து தப்பாகப் பேசிவிட்டேன் அண்ணாச்சி என்று சொன்னானா. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினான். நாய்க்குப் போட்டார். நாய் தின்றது.

இரண்டாம் கிண்ணம். மூக்கை வைத்தார். குத்தல். எடுத்தார். பொரி நாலு எடுத்து வாயில் போட்டு மென்றார், உப்பில்லாத பொரி, நாக்கைத் துடைக்க. மூக்குக்கும் ஏதாவது பொரி இருந்தால் தேவலை. ஸ்காட்லாந்தில் பீப்பாய்க்குள் கிடக்கிற விஸ்கி வருஷத்துக்கு நூற்றில் இரண்டு பங்கு காற்றில் போய்விடும் என்பார்கள். நம் ஊர் வெயிலில் பத்துப் பங்கு போகும், பன்னிரண்டு வருஷம் வைத்தால் பீப்பாயில் பாதிகூடத் தேறாது. இவர் அந்தச் சிரிப்பை இருபத்துமூன்று வருஷம் சென்னை வெயிலில் வைத்திருக்கிறார். ஒரு சொட்டுக் குறையவில்லை. கனடாக்காரர் போன பிறகு ஒரு நாற்காலி காலி என்று நந்தகோபால் போன் செய்தபோது, பழசை மனசில் வச்சுக்காதீங்க சார் என்றபோது, இவர் யோசிக்கவே இல்லை, வரேன் என்றார். ஒரு போத்தல் நானும் தருவேன், ஆறில் ஒன்றாக வைக்கணும் என்றார். நந்தகோபாலுக்குச் சந்தோஷம். அதற்கு அப்புறம் இவர் ஒன்றரை வருஷம் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார், காலில் வலி என்றார், கல்யாணம் என்றார். தேடிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியில் ஒரு ஆள் பழைய போத்தல் சேர்க்கிறவன், அவனிடம் இருந்தது. அதே இருபத்தொரு வயது ஷெர்ரி. அதே பீப்பாய், எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. ஒரே பீப்பாயின் வயிற்றிலிருந்து வந்த போத்தல். லேபிளைத் துணியால் சுற்றி நந்தகோபால் கையில் கொடுத்தார். மேஜை முனையில் ஒட்டியிருந்த பட்டியலில் கிண்ண எண் இல்லாமல், விஸ்கியின் வயதும் அது கிடந்த பீப்பாயில் முன்பு இருந்த மதுவும் மட்டும் இருந்தன: பத்து வயது ரம் பீப்பாய், பன்னிரண்டு பர்பன், பதினைந்து போர்ட், பதினெட்டு ஷெர்ரி, இருபத்தொன்று ஷெர்ரி, இருபத்தைந்து வெறும் ஓக் மரம். மச்சாது மறுபடி இருபத்துநான்கு போடுவான். போடட்டும். இவர் மூன்று போடுவார். உறையைப் பிரித்துப் பீப்பாய் எண்ணைப் படிக்கும்போது மச்சாது முகத்தைப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கியிருக்கலாம், பெரிய காரியமில்லை. மிஷினுக்கு மூக்கு இருக்கு அண்ணாச்சி, உங்களுக்கு இருக்கான்னுதானே கேள்வி என்பான். தாளெல்லாம் உதவாது. மூக்குக்கு மூக்கு. இரண்டு தடவை, இருபத்துமூன்று வருஷ இடைவெளியில், கண்ணைக் கட்டிக்கொண்டு, அதே மூன்று. அப்புறம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். சின்னதாக. "அன்னைக்கும் மூணு, இன்னைக்கும் மூணு. டோக்கன் யாருக்கு வே?"

மூன்றாம் கிண்ணம். நான்காம் கிண்ணம். குத்தல், குத்தல். தார் வாடை அடிக்கிற சரக்கு ஒன்று இதில் இருந்தாலும் இவருக்குத் தெரியாது, பன்னீரை ஊற்றி வைத்தாலும் தெரியாது. சளியாக இருக்கும். ஏசிக் காற்று. காலையில் சளி இல்லை. மூச்சு தாராளமாகப் போகிறது, வருகிறது, போகிற காற்றில்தான் எதுவுமில்லை. எப்போதிலிருந்து. நினைக்காதே. போன கார்த்திகைக் காய்ச்சல், நாலு நாள், ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி குடித்தார், சூடாக இருந்தது, கசப்பாக இருந்தது, அவ்வளவுதான் இருந்தது. காபித்தூள் மட்டம் என்று கடையை மாற்றினார். மறுபடியும் மட்டம் என்று மாற்றினார். மனைவி சொர்ணம் கேட்டாள், "உங்களுக்கு மட்டும் எல்லாக் கடைத்தூளும் எப்படி மட்டமாப் போச்சு?" டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். தையில் ஒருநாள் சொர்ணம் கோவிலுக்குப் போயிருந்தாள். இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவு இடிபட்டது. எதிர்வீட்டு ஆடிட்டர், மூச்சு வாங்க, "சார், கேஸ் வாடை மாடிப்படி முழுக்க அடிக்குது, உள்ளே உட்கார்ந்து என்ன பண்றீங்க?" என்று ஓடிப்போய் அடுப்பைத் திருகினார், ஜன்னலைத் திறந்தார். "பேப்பர்ல மூழ்கிட்டேன்" என்றார் ஆவுடையப்பன். எதில் மூழ்கினார். ராசிபலன். விருச்சிகம், எதிரிகள் அடங்குவர். அன்றிலிருந்து சொர்ணம் இவரைத் தனியாக விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போவதில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பார். பாண்டிச்சேரிப் போத்தல் மூன்று மாசம் அலமாரியில் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து முகர்ந்து பார்த்திருக்கலாம். மூடி உடையக்கூடாது, இந்த நாளுக்காக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்றரை வருஷம் தேடினவனுக்கு ஒரு தடவை முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லையா. தோன்றியது. தினமும் தோன்றியது. அலமாரியைத் திறப்பார், போத்தலைத் தடவுவார், மூடுவார். அதனால் தெரிந்துதான் வந்திருக்கிறார். தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி, பேன்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மச்சாது இருபத்துமூன்று வருஷம் முன்னால் சொன்ன பொய்யை இப்போது இவர் மூக்கு உண்மையாக்கி வைத்திருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும் அவனுக்கு.

விடக்கூடாது. நாக்கு இருக்கிறதே. நாக்கு சாகவில்லை. இனிப்புத் தெரிகிறது, கசப்புத் தெரிகிறது, உதட்டின் உள்பக்கம் பிடித்து இழுக்கிற துவர்ப்புத் தெரிகிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் வாயில் விட்டு உருட்டி வாளியில் துப்பினார். முதலாவது மெல்லிசு, இனிப்பு. மூன்றாவதும் இனிப்பு, ஆனால் வெல்லப்பாகு மாதிரி நாக்கில் ஒட்டுகிறது, ரம்மாக இருக்கும். நான்கில் மரத்துவர்ப்பு, வயசு, அது இருபத்தைந்து. ஆறு நடுவில். இரண்டும் ஐந்தும் கனம். இரண்டிலும் ஐந்திலும் ஷெர்ரியின் கனம், நாக்கின் நடுவில் ஒரு கம்பளி விரித்த மாதிரி. அப்படியானால் ஒன்று பதினெட்டு, ஒன்று இருபத்தொன்று. தன் போத்தல் இரண்டில் ஒன்று. மறுபடி இரண்டு. மறுபடி ஐந்து. நாக்குச் சொல்லாது, கந்தகம் நாக்கின் வேலை இல்லை. ஐந்தில் வயசு கொஞ்சம் கூடுதலோ. துவர்ப்பு ஒரு நூல் அதிகமோ. அல்லது கடைசியில் குடித்ததால் அப்படியோ. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் பாக்கி. தப்பான கிண்ணத்தில் கந்தகம் என்று எழுதினால் முடிந்தது. பழைய சிரிப்பைப் புதுப்பித்துக் கையில் கொடுத்ததாகிவிடும். எழுதாமல் விட்டால் எதற்கு வந்தான் கிழவன் என்பார்கள். அப்போது ஒரு யோசனை வந்தது. வெட்கங்கெட்ட யோசனை. மச்சாதுவைப் பார்த்தால் போதும். அவனுக்குப் பிடித்தது எதுவோ அதுதான் கெட்டது. அன்றைக்கு அந்தச் சரக்கின்மேல் உயிரை விட்டவன், இன்றைக்கும் அதன்மேல்தான் விழுவான். மூக்கு இல்லாதவன் எதிரியின் மூக்கைக் கடன் வாங்க வேண்டியதுதான். தலையைக் குனிந்தபடி கண்ணை மட்டும் உயர்த்தினார். மச்சாது இரண்டாவதை எடுத்தான், முகர்ந்தான், வைத்தான். ஐந்தாவதை எடுத்தான். முகர்ந்தான். வைக்கவில்லை. கண்ணை மூடினான். தடித்த முகத்தில் ஒரு இளக்கம் வந்தது, பந்தியில் பாயசம் வருகிறபோது வருகிற இளக்கம். மறுபடி முகர்ந்தான். ஐந்து. சனியன், ஐந்துதான். ஆவுடையப்பன் பென்சிலை எடுத்தார். மற்ற ஐந்துக்கும் பதினெட்டு, பத்தொன்பது என்று வாய்க்கு வந்ததைப் போட்டார். ஐந்தாம் வரிசையில், வாசனைக்கு, மூன்று. பக்கத்தில் கந்தகம். நாற்பது வருஷத்தில் மூக்குச் சொல்லாத ஒன்றைக் கை எழுதியது இதுதான் முதல் தடவை. தாளைக் கவிழ்த்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"டைம்" என்றார் நந்தகோபால். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. பேசலாம் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"என்ன அண்ணாச்சி, வந்ததிலேருந்து ஒரு வார்த்தை பேசலியே" என்றார் மச்சாது. "ஆளு பாதியா மெலிஞ்சிட்டீயளே."

"என் மீதிப் பாதி உம்ம மேல ஏறியிருக்கு வே."

உமாபதி சிரித்தார். மச்சாதுவும் சிரித்தார். "சரி விடுங்க. இன்னைக்கு சரக்கு எப்படி? இரண்டு இருக்கே இரண்டு, அது தேவாமிர்தம். நான் தொண்ணூத்தாறு போட்டுட்டேன்."

ஆவுடையப்பன் கவிழ்த்த தாளை உள்ளங்கையால் அழுத்தினார்.

"ஐந்து?" என்றார்.

"ஐந்தும் தேவலைதான். ரொம்ப நேரம் மோந்து பாத்தேன், எங்க அம்மை சுடுற கிறிஸ்துமஸ் கேக்கு மாதிரியே ஒண்ணு வந்துச்சு. ஆனா இரண்டுக்குக் கிட்ட நிக்காது."

கேக்கு. கேக்குக்குப் போய் இளகினானா. எதிரியின் மூக்கைக் கடன் வாங்கியவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும். உள்ளங்கைக்கு அடியில் தாள் சுட்டது. இன்னும் திருப்பவில்லை. கிண்ணங்களை எடுத்த பிறகுதான் தாளைத் திருப்புவார்கள், மேஜை காலியாக வேண்டும், அதுவும் சட்டம். கிண்ணம் கழுவுகிற பெண் தட்டோடு உள்ளே வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கை இரண்டும் வெந்நீரில் வெளுத்துப் போயிருந்தன. இங்கே சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது, துணி போட்டுத் துடைக்கக்கூடாது. வெந்நீர்தான், கழுவும்முன் ஒருதரம், கழுவியபின் ஒருதரம் முகர்ந்து பார்த்துத்தான் அடுக்க வேண்டும் என்று நந்தகோபால் அவளைப் பழக்கியிருந்தார். அவள் பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்தாள், மிச்சத்தை வாளியில் கொட்டினாள், மூக்கருகே கொண்டுபோனாள், தட்டில் வைத்தாள். முதலில் உமாபதி பக்கம். ஒரு கிண்ணத்தைத் தட்டில் வைக்காமல் ஜன்னல் திண்டில் வைத்தாள். மச்சாது பக்கம் வந்தாள். ஒன்றை ஜன்னலில் வைத்தாள். ஆவுடையப்பன் பக்கம் வந்து, குனிந்து, எடுத்து, முகர்ந்து, ஒன்றைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்தாள். பதினெட்டில் மூன்று. அவர் கிண்ணங்களுக்கு அடியில் விரித்திருந்த தாளைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போன கிண்ணம் இருந்த இடத்தில், இரண்டு என்ற எண்ணின் மேல் ஈர வட்டம். எதிரே பார்த்தார். எல்லாம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, ஆனால் அவள் எந்த இடத்திலிருந்து எடுத்தாள் என்று அவருக்குக் கண்ணில் இருந்தது. இரண்டு. இரண்டு. இரண்டு.

"அது மூணும் ஏம்மா தனியா?" என்றார் நந்தகோபால்.

"அதைத் தனித் தண்ணியில கழுவணுங்கய்யா. மத்ததோட போட்டா எல்லாத்துலயும் ஏறிரும்."

"எது ஏறும்?"

"குச்சி மருந்து வாடைங்கய்யா."

"என்ன மருந்து?" என்றார் மச்சாது.

"தீக்குச்சி மருந்து." அவளுக்கு எப்படி இன்னும் விளக்கமாகச் சொல்வதென்று தெரியவில்லை. "எனக்குச் சாத்தூருங்க. பன்னெண்டு வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தேன். சோத்துலயும் அந்த வாடை, தலைமுடியிலயும் அந்த வாடை. செத்தாலும் மறக்காது. இதுல லேசாத்தான் இருக்கு. கந்தகம்."

மச்சாது எழுந்து ஜன்னலுக்குப் போனார். மூன்று கிண்ணத்தையும் மாற்றி மாற்றி முகர்ந்தார். முழங்கை மடிப்பை முகர்ந்தார். மறுபடி கிண்ணத்தை முகர்ந்தார். "ஒண்ணுமில்லையே. அத்திப்பழமா மணக்குது."

உமாபதியும் போய் முகர்ந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்கும் தெரியலை. ஆனா மச்சாது, அது சில மூக்குக்குப் பிறவியிலேயே எட்டாது. எட்டாதவன் மூக்குக் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை, அந்த ஒண்ணு மட்டும் எட்டாது. எனக்கும் உங்களுக்கும் அப்படித்தான் போல." கொஞ்சம் நிறுத்தி, ஆவுடையப்பன் பக்கம் திரும்பாமல், "எனக்கு இது அன்னைக்கே தோணியிருக்கணும்" என்றார்.

நந்தகோபால் உறையைப் பிரித்தார். "இரண்டு. இருபத்தொரு வயது, ஷெர்ரி. ஆவுடையப்பன் சார் கொடுத்தது. பீப்பாய் எண்," கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், "ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு."

மச்சாது கிண்ணத்தைத் திண்டில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. அந்த எண் அவருக்குத் தெரியும். அந்தப் போத்தல் வந்த காலி அட்டைக்கூடு இருபது வருஷம் ஆலையில் அவர் மேஜைமேல் இருந்தது, பேனா போட. எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் கையில் பென்சில் இருந்தது, பென்சிலின் பின்னால் சிவப்பு ரப்பர் இருந்தது. ஐந்தாம் வரிசையில் இரண்டு தேய்ப்பு. இரண்டாம் வரிசையில் ஒரு தேய்ப்பு, ஒரு மூன்று, ஒரு சொல். பத்து விநாடி. அப்புறம் திருப்பினால் எல்லாம் கூடி வந்துவிடும். அன்றைக்கும் மூன்று, இன்றைக்கும் மூன்று, மச்சாது இந்த மேஜையிலிருந்து தலை தொங்கி இறங்கிப் போவான், இருபத்துமூன்று வருஷம் எதற்காகக் காத்திருந்தாரோ அது. கவிழ்த்த தாளை மேஜை விளிம்புக்கு இழுத்துத் தன் பக்கம் நிமிர்த்தினார், ரப்பர் அதைத் தொட்டது. தேய்த்தால் என்ன. அவன் செய்ததற்கு இது கால்வாசிகூட ஆகாது. கந்தகம் என்ற தன் கையெழுத்தைப் பார்த்தார். அன்றைக்கு எழுதியது மூக்கு. இது மச்சாதுவின் முகத்தைப் பார்த்துக் காப்பியடித்தது, அதையும் தப்பாக. இதை அழித்துவிட்டு எழுதினால் அன்றைய மூன்றும் இந்த மூன்றும் ஒரே ஜாதி ஆகிவிடும். அது மட்டும் கூடாது. அன்றைக்கு எழுதினது சுத்தம். அதில் கை வைக்க மச்சாதுவுக்கும் உரிமை இல்லை, தனக்கும் உரிமை இல்லை. தாளை எல்லாரும் படிக்கிற மாதிரி மேஜை நடுவில் தள்ளினார்.

"ஐந்துக்குப் போட்டிருக்கேன். தப்பு" என்றார். "எனக்கு எதுலயும் ஒண்ணும் தெரியலை. மூக்கு போச்சு. போன கார்த்திகையில போச்சு." மச்சாதுவைப் பார்த்தார். "இருபத்துமூணு வருசத்துக்கு முன்னாடி போகலை வே."

மச்சாது வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த தாளை எடுக்கவில்லை, படிக்கவும் இல்லை. அந்தப் பெரிய முகம் ஒரு பக்கமாகச் சரிந்த மாதிரி இருந்தது. அழப்போகிறானோ. அழட்டும். இல்லை, அழவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஆவுடையப்பன் அந்த முகத்தை விடாமல் பார்த்தார். இத்தனை நாள் ராத்திரிகளில் கற்பனையில் பார்த்த முகம் வேறு, அதில் இன்னும் கொஞ்சம் சாம்பல் அதிகம். இதுவும் பரவாயில்லை. நூற்றுக்கு எழுபது போடலாம்.

"தப்பு என் பேர்லதான் அண்ணாச்சி" என்றார் மச்சாது.

"தெரியும்."

"நான் விளையாட்டுக்குச் சொன்னது."

"முதலாளிகிட்டயும் விளையாட்டுக்கா சொன்னீரு?"

மச்சாது கைக்குட்டையை நாலாக மடித்தார். நந்தகோபால் தொண்டையைச் செருமினார். வட்டத்தின் பதிவு நோட்டை எடுத்தார். ஒரு போத்தலைக் கெட்டது என்று தள்ளினால் அதைக் கண்டுபிடித்தவர் பேரை எழுதித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் மச்சாது. "யார் பேரைப் போடறது? சார் பேரைப் போட்டுடலாமா? முதல்ல சொன்னது சார்தானே."

"போடுங்க" என்றார் மச்சாது, சட்டென்று, அதில் தனக்கு ஒரு வழி கிடைத்தது மாதிரி. "அண்ணாச்சி பேரையே போடுங்க. அதுதான் நியாயம்."

நியாயத்தைக் கையில் வைத்து இவன் கொடுப்பானாம், இவர் வாங்கிக்கொள்வாராம். பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, கையைக் குலுக்கிவிட்டு, கீழே போய் ஒன்றாக மீன் வறுவல் தின்னலாம், கணக்குத் தீர்ந்தது. "என் பேரு வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன். "இன்னைக்கு நான் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சவங்க பேரைப் போடும். நந்தகோபால் எழுத வேண்டாம், நீரே எழுதும் வே. உம்ம கையால."

மச்சாது நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பெரிய எழுத்து, குண்டு எழுத்து. இரண்டாம் கிண்ணம். தள்ளுபடி. காரணம், என்று எழுதி நிறுத்தினார். ஆவுடையப்பன் காத்திருந்தார். காரணம், கந்தகம். கண்டறிந்தவர், என்று எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். பேர் அவருக்குத் தெரியாது. ஆவுடையப்பனுக்கும் தெரியாது. உமாபதி நந்தகோபாலைப் பார்த்தார், நந்தகோபால் கூரையைப் பார்த்தார். மூன்று வருஷமாக அவள் இங்கே கிண்ணம் கழுவுகிறாள்.

"உங்க பேரு என்னம்மா?" என்றார் ஆவுடையப்பன். யாரையும் சீக்கிரத்தில் மரியாதை வைத்துக் கூப்பிடாதவர்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம், எழுதி வாங்குகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, வெளுத்த கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்தாள். மச்சாதுவின் பென்சில் தாளில் ஊன்றி நின்றது.

"வெயிலுகந்தாள்" என்றாள்.